கமராவுக்கு முன் இருப்பவரை இயல்பாகக் கதைக்க வைத்தல்: யாழ்ப்பாணத்தில் முதன்முறை பதிவு செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர்ப் பாடசாலை ஒன்றின் ஆண்டு நிறைவுக்காக ஏழு பேரைச் சந்தித்து, ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசும் வீடியோ எடுத்துத் தரும்படி பழைய மாணவர் சங்கத்தினர் என்னைக் கேட்டார்கள். கையில் நல்ல போன் இருக்கிறது, ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு ஒரு மணித்தியாலம் ஓயாமல் கதை சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நான் கமராவை நிமிர்த்தியதும் இரண்டு கைகளையும் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு, காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் மாணவனைப் போல, "எமது பாடசாலையின் வளர்ச்சிக்கு அளப்பரிய சேவையாற்றிய" என்று தொடங்கினார். மற்ற ஆறு பேரும் ஏறத்தாழ அப்படியே. ஒரு சனிக்கிழமை நான்கு சனிக்கிழமைகளாக நீண்டது. முதல் மூன்றில் எடுத்தவற்றில் பாவிக்கக்கூடியதாக ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை.

அவர்கள் விறைத்துப்போனதற்குக் காரணம் நான்தான் என்பது நான்காவது சனிக்கிழமையில்தான் விளங்கியது. கமராவின் பொத்தானை அழுத்துவதற்கு முன்னரே நான் செய்த, செய்யாமல் விட்ட காரியங்கள் அவர்களை அப்படி ஆக்கியிருந்தன. அந்த வழியில் இன்னொருவர் அலையாமல் இருப்பதற்காகவே, இப்போது நான் பின்பற்றும் ஒழுங்கை இங்கே எழுதுகிறேன். ஊர்ச் சங்கத்துக்கோ, சிறு தொழிலுக்கோ, வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கோ போனில் பதிவு செய்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. ஒரு கிழமைக்கு முன்னர் கமரா இல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள்

இந்தப் பயணத்தை நேரவிரயம் என்று நினைத்துத் தவிர்ப்பதுதான் முதற்பொறி. அரை மணித்தியாலம் போதும். அவர் எதைப் பற்றிக் கதைக்கும்போது குரல் உயர்கிறது, எதைச் சொல்லும்போது கை எழுகிறது என்று கவனியுங்கள்; பதிவு நாளில் அந்த இடத்திலிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும். ஆனால் கதை முழுவதையும் அன்றே சொல்ல விட்டுவிடக் கூடாது. ஒருமுறை நன்றாகச் சொல்லி முடித்த கதையை அடுத்த கிழமை திரும்பச் சொல்லும்போது, "நான் அண்டைக்குச் சொன்னன்தானே" என்று சுருக்கி விடுவார்கள். சுவையான இடம் வந்ததும், "ஐயா, இதை வாற சனிக்கிழமை வடிவாக் கேக்கிறன்" என்று மரியாதையாக நிறுத்திவிடுங்கள்.

அதே பயணத்தில் வேறு சிலவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். வயதானவர் என்றால் எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்பது முக்கியம், ஏனென்றால் பதிவு நாளில் அந்தப் பக்கமாகத்தான் நீங்கள் இருக்கப் போகிறீர்கள். சாப்பாட்டு நேரம், மருந்து நேரம், மத்தியானம் நித்திரை கொள்ளும் பழக்கம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ள ஒருவரைப் பதினொன்றரை மணி வரை இருத்தி வைத்துவிட்டு, "ஏன் முகம் வாடிக் கிடக்கிறது" என்று நான் யோசித்திருக்கிறேன்.

2. ஒப்புதல் கடிதமும் அனுமதிகளும்

ஒப்புதல் கடிதத்தைப் பதிவு நாளில் நீட்டாதீர்கள். கையெழுத்து என்றதும் காணி உறுதி எழுதுவது போன்ற ஒரு பயம் வந்துவிடும். அந்தப் பயம் முகத்தில் அரை மணித்தியாலம் நிற்கும். முதற்பயணத்திலேயே ஒரு பிரதியைக் கொடுத்து, பிள்ளைகளிடம் காட்டி ஆறுதலாக வாசிக்கச் சொல்லுங்கள். கடிதம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். எதற்காகப் பதிவு செய்யப்படுகிறது, யூரியூப், முகநூல், மண்டபத் திரை ஆகியவற்றில் எங்கெங்கே காட்டப்படும், வெளியிடுவதற்கு முன் அவருக்குக் காட்டப்படுமா, எந்தத் திகதி வரை அவர் தம் ஒப்புதலை மீளப் பெறலாம் என்ற நான்கு விடயங்களும் அதில் இருந்தால் போதும். மைக்கை நான் கழற்றும் வரை பதிவு ஓடிக்கொண்டிருக்கும் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணம் பின்னால் வருகிறது. இரண்டு பிரதிகள், இரண்டிலும் இருவரின் கையெழுத்து, ஒன்று அவரிடம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்பமிட வேண்டும். பாடசாலைக்குள் எடுப்பதென்றால் அதிபரின் எழுத்துமூல அனுமதி தேவை. அதிபர் உங்களை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பக்கூடும் என்பதால் அதற்கு இரண்டு கிழமையாவது ஒதுக்குங்கள்.

பலர் கோட்டை, பொது நூலகம், நல்லூர் என்று பின்னணி தேடுகிறார்கள். கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பிலும் நூலகம் மாநகர சபையின் பொறுப்பிலும் உள்ளன. முக்காலி நிறுத்தி எடுக்கப் போவதாயின் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் உள்ளே படம் எடுக்க இடமில்லை. ட்ரோன் பறக்கவிடுவதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் நடைமுறைகள் இருக்கின்றன. படை முகாம் எதுவும் பின்னணியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிரமத்துக்கும் பின் கிடைப்பது என்ன என்றால், போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்க்கும் ஒரு பொது இடத்தில், கதைக்க வந்தவர் இன்னும் கூடக் கூனிக்குறுகி நிற்கும் காட்சிதான். முதன்முறை எடுப்பவர்களுக்கு என் ஆலோசனை, அவரவர் வீட்டு விறாந்தையே போதும் என்பதாகும்.

போரில் இழந்தவற்றைப் பற்றியோ காணாமல் ஆக்கப்பட்ட உறவினரைப் பற்றியோ ஒருவர் சொல்லப்போகிறார் என்றால், இந்தக் கட்டுரையின் மற்ற எல்லா அவசரங்களையும் ஒதுக்கி வையுங்கள். எங்கே நிறுத்துவது, எதை வெளியிடுவது, முகத்தைக் காட்டுவதா விடுவதா என்பவற்றை அவரே தீர்மானிக்க வேண்டும். கண்ணீர் வரும் இடத்தைத் தேடிக் கேள்வி கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை நான் பதிவு என்று சொல்ல மாட்டேன்.

3. எழுதிக் கொடுக்காதீர்கள்

இயல்பைக் கெடுப்பவற்றில் முதலிடம் தாளுக்குத்தான். தமிழில் எழுதும் மொழி வேறு, வாயில் வரும் மொழி வேறு. மற்ற மொழிகளிலும் இந்த வேறுபாடு ஓரளவு உண்டென்றாலும், எங்களுக்கு அது ஒரு வாய்க்கால் அளவு அல்ல, கடல் அளவு. "நான் அப்ப சின்னப் பெடியன், சைக்கிள் ஓடத் தெரியாது" என்று சொல்லும் அதே மனிதர், தாளில் எழுதியதும் "அக்காலத்தில் சிறுவனாக இருந்த எனக்குத் துவிச்சக்கர வண்டி செலுத்தத் தெரிந்திருக்கவில்லை" என்று எழுதுவார். அதை மனனம் செய்து சொல்லும்போது, கண் மேலே போய் மனதுக்குள் இருக்கும் தாளை வாசிக்கும். ஒரு சொல் மறந்தால் முழு வசனமும் நின்றுவிடும். நின்றதும் "பிழைச்சுப் போச்சு, திரும்ப எடுங்கோ" என்பார். ஐந்தாவது தடவையில் களைப்பு மட்டுமே மிஞ்சும்.

இன்னொரு வகையும் உண்டு. கமராவைக் கண்டதும் எங்கள் பேச்சை மறைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் கேட்ட சென்னைப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள், இளையவர்கள் குறிப்பாக. "கதைக்கிறன்" என்பது "பேசுறேன்" ஆகிவிடும், "ஓம்" என்பது "ஆமா" ஆகிவிடும். அதைத் திருத்தப் போனால் வெட்கப்படுவார்கள். திருத்தாமல் நீங்களே எங்கள் பேச்சில் கேள்வியைக் கேளுங்கள். கேள்வியின் மொழியில்தான் பதிலும் வரும். நான் முதல் மூன்று சனிக்கிழமைகளும் "தங்களுடைய பாடசாலை அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள முடியுமா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டவனுக்கு "அளப்பரிய சேவை" என்ற பதில் வந்ததில் வியப்பில்லை. நான்காவது கிழமை, "சேர், முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஞாபகம் இருக்கே?" என்று கேட்டேன். "ஏன் இல்லை, நல்ல மழை" என்று தொடங்கியவர் பதினொரு நிமிடம் நிறுத்தவில்லை.

குறிப்பு இல்லாமல் முடியாது என்று அடம்பிடிப்பவருக்கு, வசனம் எழுதாமல் நான்கைந்து தனிச் சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். மழை, கிணறு, முதல் சம்பளம் என்பது போல. அது போதும். பெயர்களும் ஆண்டுகளும் பிழைக்கக்கூடாத இடமாயின், அவற்றைத் திரையில் எழுத்தாகப் போட்டுக்கொள்ளலாம். அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

4. நேரமும் சத்தமும்

வெளியிலோ விறாந்தையிலோ எடுப்பதென்றால் காலை ஏழு முதல் ஒன்பதரை வரை, அல்லது மாலை நான்கு முதல் ஐந்தரை வரை. நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் கண்குழிகள் இருண்டு, முகம் களைத்தது போலத் தெரியும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இது மிகவும் மோசம், அப்போது இங்கே சூரியன் நேர் உச்சியில் வரும். மாமர நிழல் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றாலும், இலைகளுக்கூடாக விழும் புள்ளி வெயில் முகத்தில் அம்மைத் தழும்பு போல் ஆடும். கூரையின் முழு நிழல்தான் நல்லது. வெயில் கண்ணில் படும்போது ஒருவர் புருவத்தைச் சுருக்குவார். பார்ப்பவருக்கு அது கோபமாகத் தெரியும்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலம். அந்தக் காற்றும் பனையோலைச் சரசரப்பும் மைக்கில் கடலிரைச்சல் போல ஏறும். அந்த மாதங்களில் வீட்டுக்குள் எடுங்கள், அல்லது மைக்கின் தலைக்குப் பஞ்சுறை போடுங்கள். உள்ளே எடுக்கும்போது மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டார் மூன்றையும் நிறுத்த வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினால் அதற்குள் உங்கள் மோட்டார் சைக்கிள் திறப்பை வையுங்கள். வீட்டுக்குப் போகும்போது திறப்பைத் தேடுவீர்கள், பெட்டியைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஒரு வீட்டில் மீன் பழுதான பிறகு நான் கற்றுக்கொண்ட பாடம் அது.

தெருச் சத்தத்தை நிறுத்த முடியாது. பாண் விற்கும் ஓட்டோ பேத்தோவனின் மெட்டோடு எத்தனை மணிக்கு அந்த ஒழுங்கையால் வரும் என்று வீட்டாருக்குத் தெரியும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கோவிலில் திருவிழா என்றால் நாளை மாற்றுங்கள். ஒலிபெருக்கியில் போகும் பாட்டு உங்கள் வீடியோவில் பதிந்தால், பதிப்புரிமை என்று யூரியூப் அதைத் தடுத்து வைக்கவும் கூடும். குரலிலிருந்து பாட்டைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வெறும் சீமெந்துத் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் குரல் குகைக்குள் இருந்து வருவது போல இருக்கும். கமராவுக்குத் தெரியாத பக்கத்தில் பாயை விரித்து, கொடியில் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டால் பெருமளவு தணியும்.

5. கருவிகளும் செலவும்

போன் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தேவையானவை மூன்றே. ஆள் உயரம் வரை நீளும் ஒரு முக்காலி. சட்டையில் கொழுவும் ஒரு மைக். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப ஒரு ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பஞ்சு) பலகை. முக்காலிக்கு நான் ஏறத்தாழ 4,000 ரூபாயும், வயர் மைக்குக்கு ஏறத்தாழ 5,000 ரூபாயும், பலகைக்கு சில நூறு ரூபாயும் கொடுத்தேன். விலைகள் மாறும் என்பதால் இதை ஒரு மட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்ட வடிவ லைற் வாங்காதீர்கள். அது கண்ணுக்குள் வெள்ளை வளையமாகத் தெரிவதோடு, முகத்துக்கு நேரே ஒளி அடிக்கும்போது இயல்பாக இருக்க எவராலும் முடியாது. யன்னல் வெளிச்சம் இலவசம்.

மைக் வாங்குமுன் உங்கள் போனின் துளைக்கு அது பொருந்துகிறதா என்று கடையிலேயே செருகி, ஒரு நிமிடம் பதிந்து, காதில் மாட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் அப்படிச் செய்யாததால் முதல் மைக் பெட்டியிலேயே கிடக்கிறது. கலியாண வீடியோ எடுப்பவரை அரை நாளுக்குப் பிடிப்பதாயின், தொகையையும் மணித்தியாலங்களையும் எழுத்தில் பெறுங்கள். படம் அழகாக வரும். ஆனால் "இப்பிடித் திரும்புங்கோ, சிரியுங்கோ" என்று பழகியவர்கள் அவர்கள், ஆகவே கதை கேட்கும் வேலையை அவர்களிடம் விடாதீர்கள்.

போனில் இடம் போதுமா என்று முதல் நாளே பாருங்கள். 1080 தரத்தில் ஒரு நிமிடம், போனின் அமைப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 60 முதல் 130 மெகாபைட் வரை எடுக்கும். ஒரு மணித்தியாலப் பதிவுக்கு 8 கிகாபைட் ஒதுக்கினால் நிம்மதி. பற்றரியை முழுதாக ஏற்றுங்கள். விமானப் பயண நிலையில் போனைப் போட மறக்காதீர்கள். ஒருவர் தம் தாயாரின் கடைசி நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது கனடாவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது, பதிவு நின்றது, அவர் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

6. கமராவை எங்கே வைப்பது

முன்பக்கக் கமராவைப் பாவிக்கக் கூடாது. திரை தெரிந்தால் பேசுபவர் தம் முகத்தையே பார்த்துக்கொண்டு தலைமயிரைச் சரிசெய்வார். பின்பக்கக் கமராவைப் பாவித்தால் திரை உங்கள் பக்கம் இருக்கும். போனை அவருக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கித் தெரியும்; ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் தள்ளி வைத்து, போனில் இருந்தால் இரண்டு மடங்கு வில்லையைப் பாவியுங்கள். தூரம் முகத்துக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. உயரம் அவருடைய கண்மட்டம். மேலேயிருந்து பார்த்தால் சிறுபிள்ளை போலவும் கீழேயிருந்து பார்த்தால் நாடியும் மூக்குத்துளையுமாகவும் தெரிவார்.

யன்னல் அவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது, நேர் முன்னாலும் வேண்டாம். ஒரு பக்கமாக, சற்று முன்னால். இருண்ட கன்னத்தின் பக்கம் ரெஜிபோம் பலகையை வையுங்கள். பச்சை, நீலச் சுவருக்கு மிக அருகில் இருத்தினால் சுவரின் நிறம் கன்னத்தில் ஏறும். மூக்குக்கண்ணாடியில் யன்னல் தெரிந்தால், கண்ணாடிக் காம்பைக் காதின் மேல் மயிரிழை உயர்த்தி விட்டால் மறைந்துவிடும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், வழக்கமாகப் போடுபவர் கழற்றினால் கண் தடுமாறும்.

குழல்விளக்கு, எல்.ஈ.டி. வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்பதால், கமராவை விநாடிக்கு 25 படங்கள், ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம்) விநாடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்தால் அது பெரும்பாலும் நின்றுவிடும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் கையை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் படம் வெளுத்துக் கறுக்கும்.

இனி முக்கியமானது, அவர் எங்கே பார்ப்பது என்பது. கமராவைப் பார்க்கச் சொல்லாதீர்கள். நீங்கள் கமராவை ஒட்டி, அதன் கண் உயரத்திலேயே, ஒரு கதிரையில் இருந்துகொள்ளுங்கள். அவர் உங்களைப் பார்த்துச் சொல்லட்டும். உங்கள் முகம் வில்லையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலகாவிட்டால், பார்ப்பவருக்கு அவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கதை சொல்வது போல இருக்கும். இரண்டு முழம் விலகினால் வேறெங்கோ பார்ப்பது போலாகிவிடும். நீங்கள் நின்றுகொண்டு கேட்டால் அவர் கண் மேலே போகும். கமராவையும் ஒருமுறை உங்களையும் ஒருமுறை பார்க்கும் கண்தான் கள்ளத்தனமாகத் தெரிகிறது.

7. கதிரை, உடுப்பு, கை

சுழலும் கதிரை வேண்டாம். பதற்றம் வந்ததும் ஆடத் தொடங்குவார்கள். மெத்தைக் கதிரை ஆளை விழுங்கிவிடும். சாதாரண மரக்கதிரையில், முதுகு சற்று முன்னால் வர இருத்துங்கள். ஆசிரியராக இருந்தவர்கள் நின்றுகொண்டே நன்றாகச் சொல்வார்கள், அவர்களை இருத்த வேண்டியதில்லை.

கையை என்ன செய்வது என்ற குழப்பம் எல்லோருக்கும் உண்டு. கைக்கு வேலை கொடுங்கள். பனையோலைப் பெட்டி இழைக்கும் ஒரு அம்மாவைச் சும்மா இருத்திக் கேட்டபோது மூன்று வசனம்தான் வந்தது. ஓலையைக் கையில் கொடுத்ததும், குனிந்தபடியே தம் கலியாணத்திலிருந்து பேரப்பிள்ளை வரை சொல்லி முடித்தார். ஓலையின் சத்தம் சற்றுப் பதிந்தது, பரவாயில்லை.

உடுப்பு அவர் வழக்கமாகப் போடுவதாக இருக்கட்டும். புதுப் பட்டுச் சேலையும் புதுச் சேட்டும் ஆளை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும், மைக்கில் சரசரக்கவும் செய்யும். நுண்கோடு போட்ட துணி திரையில் நெளியும். பளிச்சென்ற வெள்ளை வேட்டி சட்டையில் ஒளி தெறித்து முகம் இருண்டுவிடும் என்றாலும், அதுதான் அவர் உடுப்பு என்றால் மாற்றச் சொல்லாமல் வெளிச்சத்தைக் குறையுங்கள். மைக்கை நாடிக்கு ஒரு சாண் கீழே கொழுவி, சங்கிலியோ தாலியோ அதில் முட்டாமல் பாருங்கள். கண்ணாடி வளையலைக் கழற்றுவதற்கு மெல்லக் கேட்கலாம். பெண்களுக்கு வீட்டிலுள்ள ஒரு பெண் மைக் மாட்டிவிடுவதே முறை. மின்விசிறி இல்லாததால் வியர்க்கும்; ஒரு சுத்தமான கைக்குட்டை அருகில் இருக்கட்டும்.

8. முதல் பத்து நிமிடம்

அறையில் இருப்பவர்களைக் குறையுங்கள். அயலட்டை, பேரப்பிள்ளைகள், புதினம் பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் அன்பாக முற்றத்துக்கு அனுப்புங்கள். மிகக் கவனமாக அனுப்ப வேண்டியவர் வாழ்க்கைத் துணை. ஒரு வீட்டில் ஐயா ஒவ்வொரு ஆண்டைச் சொல்லும்போதும் குசினிக்குள் இருந்து அம்மா, "இல்லையப்பா, அது எழுபத்தாறு" என்று திருத்திக்கொண்டே இருந்தார். திருத்தம் சரிதான், கதைதான் நின்றுபோனது. வேறு சிலருக்கோ துணை பக்கத்தில் இருந்தால்தான் வாய் திறக்கும். எது என்பதை முதற்பயணத்தில் பார்த்திருப்பீர்கள்.

தேத்தண்ணீரைப் பதிவுக்கு முன் குடித்து முடித்துவிடுங்கள். அவர் குடிக்கும்போது நீங்கள் முக்காலியை விரித்து, மைக்கைக் கொழுவி, ஊர்ப் புதினம் கதையுங்கள். அந்தக் கதையிலேயே பதிவை ஓட விடுங்கள். பதிவு தொடங்கிவிட்டது என்று சாதாரணமாக ஒருமுறை சொல்லுங்கள், ஒளிப்பது முறையல்ல. ஒரு நிமிடம் பதிந்ததும் நிறுத்தி, காதில் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு நிமிடத்தைச் சோம்பலில் விட்டவர்கள் முழுநாளையும் இழந்திருக்கிறார்கள்.

"ரெடி, வன், ரூ, த்ரீ" என்று எண்ணாதீர்கள். எண்ணத் தொடங்கியதும் அவர் மூச்சை இழுத்துத் தோளை உயர்த்துவதை நீங்களே காண்பீர்கள். "இயல்பா இருங்கோ" என்றும் சொல்லாதீர்கள். நித்திரை வராதவரைப் பார்த்து "கெதியாப் படு" என்பது போன்ற வேலை அது. முதல் ஐந்து நிமிடத்தில் வருவதை நீங்கள் பாவிக்கப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவுசெய்துகொண்டு, பதில் இலகுவான கேள்விகளைக் கேளுங்கள்.

9. பதிவு ஓடும்போது

ஓம், இல்லை என்று முடிந்துபோகும் கேள்வியும், "எத்தனையாம் ஆண்டு" என்ற கேள்வியும் பயனற்றவை; உங்கள் குரலை வெட்டிய பின் "எழுபத்தெட்டில" என்ற ஒற்றைச் சொல் அந்தரத்தில் தொங்கும். "கேள்வியையும் சேர்த்து முழு வசனமாகச் சொல்லுங்கோ" என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். அப்படிச் சொன்ன உடனேயே பேச்சு பரீட்சைத் தாளாகிவிடும். "அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கோ", "பிறகு என்ன நடந்தது" என்று கேட்டால், பதில் தானாகவே தலையும் காலும் உள்ளதாக வரும்.

கேட்கும்போது எங்களுக்கு வாய் சும்மா இராது. "ஓம் ஓம்", "மெய்தான்", "பின்னை" என்று நான் போட்ட தாளம் முதல் பதிவுகள் முழுவதிலும் அவர்களுடைய சொற்களின் மேல் ஏறிக் கிடக்கிறது. தலையை ஆட்டுங்கள், கண்ணால் கேளுங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் சொல்லி முடித்த பிறகும் மூன்று விநாடி பொறுங்கள். அந்த மௌனத்தை நிரப்புவதற்காக அவர் சொல்லும் அடுத்த வசனம் பெரும்பாலும் நல்லதாக இருக்கும். போனின் திரையை நீங்கள் அடிக்கடி எட்டிப் பார்த்தால், ஏதோ பிழை என்று அவர் நினைப்பார். அதைப் பார்க்க இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

தடுமாறினால் நிறுத்த வேண்டாம். "முதல்ல இருந்து சொல்லுங்கோ" என்றால் பாடம் ஒப்புவிப்பது தொடங்கிவிடும். வேறு கேள்விக்குப் போய், பத்து நிமிடத்துக்குப் பின் இன்னொரு பக்கத்தால் அதே இடத்துக்கு வாருங்கள். இரண்டு நிமிட வீடியோவுக்கு நாற்பது நிமிடப் பதிவு சாதாரணம். அதற்கு மேல் போனால் வயதானவர்கள் களைத்துவிடுவார்கள்.

எல்லாம் முடிந்தது, நன்றி என்று நீங்கள் சொன்னதும் தோள் இறங்கும், முகம் மலரும், "ஆனா தம்பி, ஒண்டு சொல்ல மறந்திட்டன்" என்று தொடங்குவார். நான் எடுத்தவற்றில் நல்லவை பாதிக்கு மேல் அந்த இடத்தில் கிடைத்தவை. ஆகவேதான் மைக்கைக் கழற்றும் வரை பதிவு ஓடும் என்ற வரியை ஒப்புதல் கடிதத்தில் சேர்க்கச் சொன்னேன். அவர் எழுந்த பின், அறையின் வெறும் சத்தத்தை முப்பது விநாடியும், அவருடைய கைகள், முற்றம், சுவரிலுள்ள படங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பத்துப் பத்து விநாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும் இடங்களை மறைக்க இவைதான் உதவும்.

10. கமராவைப் பார்த்தே பேச வேண்டியிருந்தால்

சுகாதார அறிவித்தல், வியாபார விளம்பரம், அதிபரின் செய்தி போன்றவற்றில் நேராகப் பார்த்துப் பேசியே ஆக வேண்டும். ஒரு பெரிய அட்டையில் வில்லையின் அளவுக்குத் துளையிட்டுப் போனை மறைத்துவிட்டு, துளைக்கு நேர் மேலே அவருக்குப் பழக்கமான ஒருவர் எட்டிப் பார்த்தபடி நிற்கட்டும். அவருக்குச் சொல்வதாக நினைத்துச் சொல்லச் சொல்லுங்கள். வாசித்துத்தான் ஆக வேண்டும் என்றால், எழுத்து வில்லைக்கு ஒட்டினாற்போலவும் வரி குறுகலாகவும் இருக்க, இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள். கிட்ட இருந்தால் கண் இடம்வலமாக ஓடுவது தெரியும். அந்த எழுத்தும் அவர் வாயில் வரும் மொழியிலேயே இருக்க வேண்டும். முதலில் அவரை வாயால் சொல்ல வைத்துப் பதிந்து, அதைக் கேட்டு எழுதிக் கொடுப்பதே எனக்குத் தெரிந்த ஒரே வழி.

11. காட்டுவதும் ஒப்படைப்பதும்

பதிவு முடிந்ததும் அங்கேயே போட்டுக் காட்டாதீர்கள். எவருக்கும் தம் குரல் பிடிக்காது, ஏனென்றால் வழக்கமாக அதைத் தம் எலும்பினூடாகவும் கேட்பவருக்கு, காற்றில் மட்டும் வரும் குரல் மெலிந்து அந்நியமாகக் கேட்கும். முகமும் அப்படியே. நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பது இடம்வலம் மாறிய முகம். ஒருவருக்குத் தம் கண்ணாடி முகமே அதிகம் பிடிக்கிறது, அவருடைய நண்பர்களுக்கோ அவர்கள் நேரில் காணும் முகமே அதிகம் பிடிக்கிறது என்று 1977இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் கண்டது. ஆகவே அவர் "ஐயோ, நான் இப்பிடியே இருக்கிறன்?" என்று சொன்னால் படம் பிழை என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அதற்காக, அவர் நீக்கிவிடச் சொல்லும் ஒரு வசனத்தை விட்டுவைக்கக் கூடாது.

வெட்டும்போது எல்லா இடைவெளிகளையும் பிடுங்கி எறியாதீர்கள். ஒருவர் யோசிக்கும் இரண்டு விநாடிதான் அவரை மனிதராகக் காட்டுகிறது. கீழே எழுத்துப் போடுவதென்றால் அவர் சொன்னபடியே போடுங்கள். "கதைச்சன்" என்பதை "பேசினேன்" என்று திருத்த வேண்டாம். இரண்டு நிமிட வீடியோவை வெட்டி முடிக்க, பழக்கமில்லாதவருக்கு இரண்டு மாலைகள் வேண்டும்.

முடிந்த வீடியோவை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் கெட்டுவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது பென்ட்ரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் ஒப்புதலை மீளப் பெறக்கூடிய கடைசித் திகதிக்கு முன் ஒருமுறை பார்த்து "சரி" என்று சொன்னதை, உங்கள் பிரதியின் அடியில் திகதியோடு எழுதி அவரிடம் ஒரு சுருக்கொப்பமும் வாங்கிக்கொள்ளலாம். வெட்டாத முழுப்பதிவின் பிரதி ஒன்றையும் குடும்பத்திடம் கொடுங்கள். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் மழை நாளைப் பற்றிச் சொன்ன பதினொரு நிமிடமும் மண்டபத்தில் காட்டிய இரண்டு நிமிடத்தில் அடங்கவில்லை. மிகுதி ஒன்பது நிமிடம் இப்போது அவருடைய மகளின் வீட்டில் இருக்கிறது.